டிபீவரில் ஹைவ் திறக்கவில்லையா? கெர்பரோஸ் சிக்கலை இந்த வரிசையில் அவிழ்த்துப் பாருங்கள்

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வீட்டில் இருந்தபடியே பெங்களூரு கம்பெனிகளுக்கு டேட்டா வேலை பார்க்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். வாரத்தில் சில நாள் அத்திப்பள்ளி தாண்டி ஆபீஸ், மீதி நாள் வீட்டில் விபிஎன் போட்டுக்கொண்டு வேலை. இதில் புதிதாகச் சேர்ந்த தம்பி தங்கைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, பாஸ்வேர்டு சரியாத்தான் போடறேன், கேஇனிட் ஓடுது, சர்வர்ல பீலைன் நல்லா வேலை செய்யுது, டிபீவர்ல மட்டும் கனெக்ட் ஆகமாட்டேங்குது."

புதியவர்களுக்கு ஒரு வரி: ஹைவ் என்பது ஆபீஸின் பெரிய டேட்டாவை எஸ்கியூஎல்லில் கேட்டு எடுக்கும் சர்வர், டிபீவர் அதைத் திறந்து பார்க்கும் புரோகிராம், பீலைன் ஹைவின் கமாண்ட்லைன் கருவி, கெர்பரோஸ் டிக்கெட்டை வைத்து ஆளை உறுதிசெய்யும் முறை, கேஇனிட் அந்த டிக்கெட்டை எடுக்கும் கமாண்டு. மேலே உள்ள கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. "சர்வர்ல பீலைன்" ஓடுவது அந்த சர்வரில். டிபீவர் ஓடுவது உங்கள் லேப்டாப்பில். சர்வருக்குள் எஸ்எஸ்எச் போட்டு எடுத்த டிக்கெட் அந்த சர்வரின் டிஸ்கில்தான் கிடக்கிறது, பாலக்கோட்டில் உங்கள் மேசை மேல் இருக்கும் லேப்டாப்புக்கு அது வந்து சேராது. லேப்டாப்பிலேயே டிக்கெட் எடுத்திருந்தாலும் இன்னொரு சுவர் இருக்கிறது. டிபீவர், ஸ்குவிரல், டிபிவிஷுவலைசர் எல்லாமே ஜாவாவில் எழுதிய புரோகிராம்கள், பலவும் தங்களுக்கென்று ஒரு ஜாவாவைக் கூடவே வைத்திருக்கும். உங்கள் டெர்மினல் எந்தக் கோப்பைப் படிக்கிறது, டிக்கெட்டை எங்கே வைத்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ஜாவாவுக்குத் தானாகத் தெரியாது. ஆகவே இந்த வேலை முழுவதும் ஒரே காரியத்துக்காகத்தான்: டெர்மினலும் டிபீவரும் ஒரே கெர்பரோஸ் கோப்பையும் ஒரே டிக்கெட்டையும் பார்க்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் பாதி நேரம் மிச்சம்.

கமாண்டு, கோப்புப் பெயர் எல்லாவற்றையும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். உதாரணமெல்லாம் ஹைவுக்கும் டிபீவருக்கும். ஹைவ் மாதிரியே இன்னொன்றான இம்பாலாவுக்கும், டிபீவர் மாதிரியான ஸ்குவிரலுக்கும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

முதலில் கெர்பரோஸ் எப்படி நடக்கிறது என்று இரண்டு நிமிடம். அமெரிக்காவின் எம்ஐடியில் 1980களில் ஏதெனா திட்டத்துக்காக உருவான முறை இது. இப்போது புழங்கும் 5ஆம் பதிப்பின் வரையறை ஆர்எஃப்சி 4120 என்ற ஆவணம், வெளியான ஆண்டு 2005. ஒகேனக்கல் பரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் பணம் கட்டி டிக்கெட் வாங்குகிறீர்கள், பரிசல்காரர் டிக்கெட்டைத்தான் பார்ப்பார், நீங்கள் யார் என்று விசாரிக்க மாட்டார். இங்கே கவுண்டர் என்பது கேடிசி என்ற டிக்கெட் கொடுக்கும் சர்வர், பரிசல் என்பது ஹைவ் சர்வர். உங்கள் பாஸ்வேர்டு ஹைவுக்குப் போவதே இல்லை. கேஇனிட் போட்டதும் கேடிசி உங்களுக்கு டிஜிடி என்ற முதல் டிக்கெட்டைத் தருகிறது. டிபீவர் கனெக்ட் ஆகும்போது அந்த டிஜிடியைக் காட்டி, "இந்த ஹோஸ்டில் இருக்கும் ஹைவுக்கு ஒரு டிக்கெட் கொடு" என்று கேடிசியிடம் மறுபடி கேட்கிறது. அப்படிக் கிடைக்கும் இரண்டாவது டிக்கெட்தான் ஹைவுக்குப் போகிறது. ஆகவே முதல் டிக்கெட் எடுப்பதில் கோளாறா, அதை ஜாவா கண்டுபிடிப்பதில் கோளாறா, இரண்டாவது டிக்கெட்டில் கோளாறா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

பிழைச் செய்தியைக் கடைசி வரை படியுங்கள்

டிபீவர் காட்டும் பெட்டியில் முதல் வரி "குட் நாட் ஓப்பன் கிளையன்ட் டிரான்ஸ்போர்ட்" என்றோ "ஜிஎஸ்எஸ் இனிஷியேட் ஃபெயில்ட்" என்றோதான் இருக்கும். அதை மட்டும் கூகுளில் போட்டுத் தேடினால் நூறு விதமான பதில் வரும், எதுவும் உங்களுடையதாக இருக்காது. டீடெயில்ஸ் பட்டனை அழுத்தி, "காஸ்ட் பை" என்று வரும் வரிகளில் ஆகக் கீழே இருப்பதைப் படியுங்கள். அடைப்புக்குள் "மெக்கானிசம் லெவல்" என்று ஒன்று இருக்கும், அதன் பக்கத்தில் ஓர் எண்ணும் இருக்கலாம். உண்மையான தகவல் அங்கேதான்.

"ஃபெயில்ட் டு ஃபைண்ட் எனி கெர்பரோஸ் டிஜிடி" என்றால் ஜாவா கண்ணுக்கு டிக்கெட் தெரியவில்லை, கேடிசி வரைக்கும்கூட விஷயம் போகவில்லை. எண் 6 என்றால் உங்கள் பெயரே கேடிசியில் இல்லை, பெரும்பாலும் எழுத்துப் பிழை அல்லது ரெல்ம் (பெயருக்குப் பின் @ போட்டு வரும் கெர்பரோஸ் எல்லையின் பெயர்) தவறு. 7 என்றால் சர்வரின் பெயர் கேடிசியில் இல்லை, அதாவது யூஆர்எல்லில் கோளாறு அல்லது டிஎன்எஸ் கோளாறு. 24 என்றால் பாஸ்வேர்டு தவறு அல்லது கீடேப் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கீயைச் சேமித்து வைத்த கோப்பு) பழையது. 37 என்றால் கடிகாரம். "கேன்னாட் லொகேட் கேடிசி" என்றால் உங்கள் கெர்பரோஸ் கோப்பை ஜாவா படிக்கவில்லை, அல்லது படித்தும் அதில் அந்த ரெல்ம் இல்லை. இந்த ஆறையும் ஒரு தாளில் எழுதி ஒட்டிக்கொண்டாலும் தப்பில்லை, ஏனென்றால் ஒவ்வொன்றும் தேட வேண்டிய இடத்தை நேராகக் கைகாட்டிவிடும்.

பெயரும் பாதையும்

விபிஎன் போட்டுவிட்டு, டிபீவரைத் திறக்காமல், முதலில் என்எஸ்லுக்அப் போட்டு ஹைவ் சர்வரின் முழுப் பெயர் ஐபியாக மாறுகிறதா என்று பாருங்கள். முழுப் பெயர் என்றால் புள்ளிகளோடு டொமைன் வரை உள்ள பெயர். கெர்பரோஸுக்கு இந்தப் பெயர்தான் உயிர், டிக்கெட் கொடுப்பதே பெயரை வைத்துத்தான். யூஆர்எல்லில் ஐபி முகவரி போட்டால் சாதாரண டேட்டாபேஸ் திறக்கும், கெர்பரோஸ் போட்ட கிளஸ்டர் (ஹைவ் ஓடும் சர்வர் கூட்டம்) திறக்காது, ஏனென்றால் அந்த ஐபியின் பெயரில் கேடிசியிடம் எந்தப் பதிவும் இருக்காது.

பெயர் மாறவில்லை என்றால் விபிஎன் உங்களுக்கு ஆபீஸ் டிஎன்எஸ்ஸைக் கொடுக்கவில்லை. வீட்டு ரவுட்டரின் டிஎன்எஸ்ஸுக்கு உங்கள் ஆபீஸின் உள் பெயர்கள் எப்படித் தெரியும்? இதை விபிஎன் அணியிடம் சொல்லிச் சரிசெய்வதே நல்லது. அதுவரைக்கும் அவசரத்துக்கு ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதலாம், ஆனால் ஐபிக்கு அடுத்து முழுப் பெயர் முதலில் வர வேண்டும், சுருக்கப் பெயர் அதற்குப் பிறகு. வரிசையை மாற்றினால் சில இடங்களில் சுருக்கப் பெயரே அசல் பெயராக எடுத்துக்கொள்ளப்பட்டு எண் 7 வந்து நிற்கும்.

அப்புறம் போர்ட். ஹைவ்சர்வர்2 வழக்கமாக 10000, எச்டிடிபி வழியில் இருந்தால் 10001. இம்பாலாவின் ஜேடிபிசி (ஜாவா புரோகிராம்கள் டேட்டாபேஸைத் தொடும் வழி) போர்ட் 21050. கேடிசி போர்ட் 88. இந்த 88ஐத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஹைவ் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு "நெட்வொர்க் சரி" என்று முடிவுகட்டிவிடுவார்கள், ஆனால் லேப்டாப்பில் இருந்து கேடிசிக்கும் நேராக வழி இருக்க வேண்டும். ஆபீஸில் இருந்தால் வேலை செய்கிறது, வீட்டுக்கு வந்தால் செய்யவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். விண்டோஸில் பவர்ஷெல் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கமாண்டுக்கு ஹோஸ்டையும் போர்ட்டையும் கொடுத்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயம், செல்போன் ஹாட்ஸ்பாட்டில் விபிஎன் போடுகிறவர்களுக்கு. ஊத்தங்கரை, பென்னாகரம் பக்கம் கரண்ட் போனதும் பலர் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிவிடுவார்கள், அப்போதுதான் கேஇனிட் போட்டால் அப்படியே தொங்கிக்கொண்டு நிற்கும். கெர்பரோஸ் செய்திகள் யூடிபியிலும் போகலாம், டிசிபியிலும் போகலாம். பெரிய செய்தி யூடிபியில் போகும்போது வழியில் துண்டு துண்டாகி, ஒரு துண்டு விபிஎன்னில் தொலைந்தால் மொத்தமும் போச்சு. கெர்பரோஸ் கோப்பில் லிப்டிஃபால்ட்ஸ் பகுதியின் கீழ் யூடிபி_பிரிஃபரன்ஸ்_லிமிட் = 1 என்று ஒரு வரி சேருங்கள், எல்லாம் டிசிபியில் போகும். வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லாருக்கும் இந்த வரியை நான் கட்டாயமாகச் சொல்வேன்.

கடிகாரம்

உங்கள் லேப்டாப்புக்கும் கேடிசிக்கும் நேரம் 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால் வழக்கமான அமைப்பில் உள்ளே விடாது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் மூலையில் தெரியும் நேரம் சரியாக இருப்பதைப் பார்த்துவிட்டு "என் கடிகாரம் சரி" என்று நகர்ந்துவிடுகிறார்கள். கெர்பரோஸ் கணக்குப் போடுவது யூடிசியில். டைம்சோன் வேறு நாட்டில் இருக்க, கையால் முள்ளைத் திருப்பி இந்திய நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால், பார்வைக்கு நேரம் சரி, உள்ளே யூடிசி பல மணி நேரம் தப்பு. ஒரே மெஷினில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னொரு ரூபத்தில் வரும்: ஒன்று போர்டில் உள்ள கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும் மற்றது யூடிசியாகவும் எடுத்துக்கொள்ளும், மாறி மாறிப் பூட் செய்தால் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். வீட்டில் பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் போர்டில் உள்ள சின்ன பேட்டரியையும் பாருங்கள், அது செத்திருந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் தேதி பழைய வருடத்துக்கு ஓடிவிடும்.

டைம்சோனை இந்தியாவுக்கு வைத்து, தானியங்கி நேரத்தை ஆன் செய்து, ஒருமுறை சிங்க் செய்துவிடுங்கள். போதும்.

டிக்கெட் எங்கே இருக்கிறது

இதுதான் அதிகம் பேர் மாட்டுகிற இடம், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதலில் கெர்பரோஸ் கோப்பு. லினக்ஸ், மேக் இரண்டிலும் இடிசி ஃபோல்டரில் கேஆர்பி5.கான்ஃப். விண்டோஸில் ஜாவா தேடுவது விண்டோஸ் ஃபோல்டருக்குள் கேஆர்பி5.ஐஎன்ஐ என்ற பெயரில். ஆனால் எம்ஐடி கெர்பரோஸ் நிறுவியிருந்தால் அது படிப்பது புரோகிராம்டேட்டாவுக்குள் எம்ஐடி, அதற்குள் கெர்பரோஸ்5 ஃபோல்டரில் இருக்கும் கேஆர்பி5.ஐஎன்ஐ. ஆக ஒரே லேப்டாப்பில் இரண்டு கோப்பு இருக்கலாம், ஒன்றை நீங்கள் திருத்திக்கொண்டிருக்க டிபீவர் மற்றொன்றைப் படித்துக்கொண்டிருக்கும். ஒரே கோப்பை வைத்துக்கொண்டு இரண்டுக்கும் அதையே காட்டுவதுதான் நல்லது.

கோப்பில் என்ன எழுதுவது என்று யோசிக்கவே வேண்டாம், கிளஸ்டரின் எட்ஜ் நோடில், அதாவது நீங்கள் எஸ்எஸ்எச் போட்டு நுழையும் சர்வரில், இருப்பதை அப்படியே நகலெடுங்கள். இரண்டு இடத்தில் மட்டும் கை வைக்க வேண்டும். இன்க்ளூட்டிர் என்று தொடங்கும் வரி இருந்தால் எடுத்துவிடுங்கள், அந்த ஃபோல்டர் உங்கள் லேப்டாப்பில் இருக்காது. டிஃபால்ட்_சிகேஷ்_நேம் என்று ஒரு வரி கீரிங் என்றோ கேசிஎம் என்றோ சொன்னால் அதையும் மாற்றுங்கள். ரெட்ஹேட் வகை லினக்ஸில் இது சகஜம், டிக்கெட்டை கெர்னலுக்குள்ளேயோ ஒரு சர்வீஸிடமோ வைத்திருக்கும், ஜாவாவுக்கு அங்கே கை எட்டாது. ஃபைல் என்று தொடங்கும் பாதையாக மாற்றிவிட்டு மறுபடி கேஇனிட் போடுங்கள். லினக்ஸ் லேப்டாப்பில் கேலிஸ்ட் (கையில் உள்ள டிக்கெட்டைக் காட்டும் கமாண்டு) போட்டால் டிக்கெட் தெரிகிறது, டிபீவருக்கு மட்டும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் இந்த ஒரு வரிதான் காரணம்.

விண்டோஸில் கதை வேறு. அங்கே கேலிஸ்ட் என்ற பெயரில் மூன்று புரோகிராம் இருக்கலாம்: விண்டோஸின் சொந்தமானது ஒன்று, எம்ஐடியுடையது ஒன்று, ஜேடிகேயின் (ஜாவா டெவலப்மென்ட் கிட்) "பின்" என்ற ஃபோல்டரில் ஒன்று. மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்தில் டிக்கெட்டைத் தேடும். கேஇனிட்டும் அதேபோல எம்ஐடியில் ஒன்று, ஜேடிகேயில் ஒன்று. எம்ஐடி கேஇனிட் டிக்கெட்டை வழக்கமாக மெமரியில் வைத்துக்கொள்ளும், ஜாவாவால் அதைப் படிக்க முடியாது. ஜேடிகேயின் கேஇனிட் உங்கள் ஹோம் ஃபோல்டரில் கேஆர்பி5சிசி_ என்று தொடங்கி யூசர் பெயரில் முடியும் ஒரு கோப்பாக எழுதும், டிபீவரில் உள்ள ஜாவாவும் அங்கேயேதான் தேடும். ஆகவே விண்டோஸ்காரர்களுக்கு நான் சொல்வது: ஜேடிகேயின் கேஇனிட்டை முழுப் பாதையோடு கொடுத்து ஓட்டுங்கள், பாதி சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். எம்ஐடிதான் வேண்டும் என்றால் கேஆர்பி5சிசிநேம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் ஃபைல் என்று தொடங்கி ஒரு பாதையை எழுதி வையுங்கள், பிறகு டெர்மினலையும் டிபீவரையும் மூடித் திறந்தால்தான் அது எடுத்துக்கொள்ளும். எந்த கேஇனிட் ஓடுகிறது என்று சந்தேகம் வந்தால் கமாண்ட் பிராம்ப்டில் வேர் கேஇனிட் என்று தட்டுங்கள், பாதையைச் சொல்லிவிடும்.

ஆபீஸ் லேப்டாப் ஆக்டிவ் டைரக்டரியில் (ஆபீஸ் அக்கவுண்டுகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) சேர்ந்திருந்தால், லாகின் செய்தபோதே விண்டோஸ் ஒரு டிஜிடி வாங்கி வைத்திருக்கும். அதையே ஜாவா பயன்படுத்தலாமே என்று தோன்றும். விண்டோஸ் அந்த டிக்கெட்டின் செஷன் கீயை வெளியே கொடுக்காது, அதற்கு ரெஜிஸ்ட்ரியில் அலவ்டிஜிடிசெஷன்கீ என்று ஒன்றை மாற்ற வேண்டும், கிரெடென்ஷியல் கார்டு என்ற விண்டோஸ் பாதுகாப்பு வசதி ஆன் ஆகியிருந்தால் அதுவும் உதவாது. பாதுகாப்பைக் குறைக்கிற மாற்றம் அது, ஆபீஸ் மெஷினில் நீங்களாக அதைச் செய்யாதீர்கள். தனியாகக் கேஇனிட் போடுவது ஒரு நிமிட வேலைதான்.

கேஇனிட் போடும்போது பெயருக்குப் பின் @ போட்டு ரெல்மை முழுப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ரெல்மில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து இரண்டும் வேறு வேறு.

டிபீவருக்குச் சொல்லிக்கொடுப்பது

டிக்கெட் கோப்பாக வந்துவிட்டது. இப்போது டிபீவர்.ஐஎன்ஐ கோப்பைத் திறங்கள், டிபீவர் நிறுவிய ஃபோல்டரிலேயே இருக்கும். அதில் -விஎம்ஆர்க்ஸ் என்று ஒரு வரி இருக்கிறதல்லவா, நாம் சேர்க்கும் எல்லாமே அதற்குக் கீழே, வரிக்கு ஒன்றாக வர வேண்டும். மேலே எழுதினால் எந்தப் பிழையும் காட்டாது, ஆனால் ஜாவாவுக்குப் போய்ச் சேராது.

ஒவ்வொரு வரியும் கழித்தல் குறியும் டி எழுத்தும் போட்டுத் தொடங்கும். முதல் வரி ஜாவா.செக்யூரிட்டி.கேஆர்பி5.கான்ஃப், சமக்குறி போட்டு உங்கள் கெர்பரோஸ் கோப்பின் பாதை. இரண்டாவது ஜாவாஎக்ஸ்.செக்யூரிட்டி.ஆத்.யூஸ்சப்ஜெக்ட்கிரெட்ஸ்ஒன்லி=ஃபால்ஸ். இது இல்லாவிட்டால் ஜாவா, புரோகிராமே டிக்கெட்டைக் கையில் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்கும், தானாகப் போய்க் கோப்பில் தேடாது. டிக்கெட் கண்முன்னால் இருந்தும் "டிஜிடி இல்லை" என்று வருவதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம். மூன்றாவது ஜாவா.செக்யூரிட்டி.ஆத்.லாகின்.கான்ஃபிக், அதற்கு ஜாஸ் கோப்பின் (எப்படி லாகின் செய்வது என்று ஜாவாவுக்குச் சொல்லும் கோப்பு) பாதை.

ஜாஸ் கோப்பு சின்னதுதான். காம்.சன்.செக்யூரிட்டி.ஜேஜிஎஸ்எஸ்.இனிஷியேட் என்ற பெயரில் ஒரு பிளாக், அதற்குள் கேஆர்பி5லாகின்மாட்யூல் ரிக்வயர்ட், யூஸ்டிக்கெட்கேஷ்=ட்ரூ, டூநாட்பிராம்ப்ட்=ட்ரூ, கடைசியில் அரைப்புள்ளி, பிறகு மூடும் அடைப்புக்குறி, அதற்குப் பிறகும் ஓர் அரைப்புள்ளி. இரண்டு அரைப்புள்ளியும் கட்டாயம். விண்டோஸ் பாதைகளில் பின்சாய்வுக் கோட்டுக்குப் பதில் முன்சாய்வுக் கோடு போடுங்கள், ஜாஸ் கோப்பில் ஒற்றைப் பின்சாய்வு தகராறு செய்யும்.

நான்காவது வரி தேடும் காலத்துக்கு மட்டும்: சன்.செக்யூரிட்டி.கேஆர்பி5.டீபக்=ட்ரூ. இதைப் போட்டுவிட்டு டிபீவரை டெர்மினலில் இருந்து கிளப்புங்கள், விண்டோஸில் அதே ஃபோல்டரில் உள்ள டிபீவர்-சிஎல்ஐ மூலம். கனெக்ட் அழுத்தியதும் வரிவரியாகக் கொட்டும், பயப்பட வேண்டாம். இரண்டு இடத்தை மட்டும் தேடுங்கள்: "ஜாவா கான்ஃபிக் நேம்" என்று வரும் வரி எந்தக் கெர்பரோஸ் கோப்பைப் படித்தது என்று சொல்லும், "கேஷ் நேம்" என்று வரும் வரி எந்த இடத்தில் டிக்கெட்டைத் தேடியது என்று சொல்லும். ஊகம் செய்து பத்து இடத்தில் மாற்றிப் பார்ப்பதைவிட இந்த இரண்டு வரி மேலானது. நீங்கள் நினைத்த பாதையும் அது காட்டும் பாதையும் வேறாக இருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. வேலை முடிந்ததும் இந்த வரியை எடுத்துவிடுங்கள். டிபீவரின் புதிய பதிப்பைப் போடும்போது ஐஎன்ஐ கோப்பு பழையபடி ஆகிவிடலாம், ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

பழைய கிளஸ்டர், புதிய டிபீவர் என்றால் இன்னொன்றும் வரலாம். ஜாவா 17 முதல் ஆர்சி4, 3டெஸ் போன்ற பலவீனமான என்கிரிப்ஷன் வகைகள் கெர்பரோஸில் தானாகவே அணைக்கப்பட்டிருக்கின்றன. கேடிசி இன்னும் ஆர்சி4 டிக்கெட்தான் கொடுக்கிறது என்றால் பழைய டிபீவரில் ஓடியது புதியதில் நின்றுவிடும். அலவ்_வீக்_கிரிப்டோ என்று ஒரு வழி இருந்தாலும், அட்மினிடம் சொல்லி ஏஇஎஸ் கீ போடச் சொல்வதே சரி.

யூஆர்எல்லில் யார் பெயர்?

ஹைவின் யூஆர்எல் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

ஜேடிபிசி:ஹைவ்2://மாஸ்டர்.கம்பெனி.லோக்கல்:10000/டிஃபால்ட்;பிரின்சிபல்=ஹைவ்/_ஹோஸ்ட்@கம்பெனி.லோக்கல்

பிரின்சிபல் என்றால் கெர்பரோஸில் பதிவான பெயர். அந்த இடத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள். அங்கே வர வேண்டியது ஹைவ் சர்வரின் பெயர். உங்கள் பெயர் ஏற்கெனவே டிக்கெட்டுக்குள் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களில் நிறையப் பேர் இங்கே தங்கள் மெயில் ஐடி மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டு நாள் முழுக்கப் போராடுவார்கள். _ஹோஸ்ட் என்பதை அப்படியே விட்டுவிடலாம், டிரைவரே யூஆர்எல்லில் உள்ள ஹோஸ்ட் பெயரை அங்கே வைத்துக்கொள்ளும். கடைசியில் வரும் ரெல்ம் பெரிய எழுத்தில். யூசர்நேம், பாஸ்வேர்டு பெட்டிகளைக் காலியாக விடுங்கள்.

கிளஸ்டருக்கு முன்னால் லோட் பேலன்சர் (வரும் கனெக்‌ஷன்களைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) இருந்தால் அதன் பெயரில் டிக்கெட் கேட்கப்படும், அந்தப் பெயருக்கும் ஒரு பிரின்சிபல் கேடிசியில் இருந்து, அதன் கீ ஹைவ் சர்வரின் கீடேபிலும் இருந்தாக வேண்டும். நேராக ஒரு சர்வருக்குப் போனால் திறக்கிறது, பேலன்சர் வழியாகப் போனால் 7 வருகிறது என்றால் உங்கள் லேப்டாப்பில் எதையும் தோண்ட வேண்டாம், அட்மினிடம் சொல்லுங்கள்.

கிளவுடெரா கம்பெனி கொடுக்கும் டிரைவராக இருந்தால் எழுதும் முறையே வேறு. ஆத்மெக்=1, கேஆர்பிரெல்ம், கேஆர்பிஹோஸ்ட்எஃப்கியூடிஎன், கேஆர்பிசர்வீஸ்நேம்=ஹைவ் என்று தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். அப்பாச்சி டிரைவருக்கான யூஆர்எல்லை இதில் ஒட்டினால் ஓடாது, திருப்பிப் போட்டாலும் ஓடாது. எந்த டிரைவர் என்று முதலில் தெரிந்துகொண்டு அதற்கான உதாரணத்தைத் தேடுங்கள்.

"அன்சப்போர்ட்டட் மெக்கானிசம் டைப் பிளெயின்" என்று வந்தால் நீங்கள் பிரின்சிபல் பகுதியையே கொடுக்கவில்லை, டிரைவர் சாதாரண யூசர்நேம் வழியில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறது. "இன்வேலிட் ஸ்டேட்டஸ் 21" என்றால் சர்வர் டிஎல்எஸ்ஸில் (என்கிரிப்ட் செய்த வழியில்) பேசுகிறது, நீங்கள் டிஎல்எஸ் இல்லாமல் போயிருக்கிறீர்கள். 21 என்பது டிஎல்எஸ் எச்சரிக்கைச் செய்தியின் முதல் பைட். "இன்வேலிட் ஸ்டேட்டஸ் 72" என்றால் சர்வர் எச்டிடிபியில் பதில் சொல்கிறது, அந்த வார்த்தையின் முதல் எழுத்தின் ஆஸ்கி எண் 72. அப்போது யூஆர்எல்லில் டிரான்ஸ்போர்ட்மோட்=எச்டிடிபி என்றும், எச்டிடிபிபாத் எது என்றும் சேர்க்க வேண்டும். பார்க்க ஆத்தன்டிகேஷன் பிழை மாதிரி தெரியும் இந்த இரண்டும் உண்மையில் அதற்கு முந்தைய படியிலேயே நின்றுபோனவை, டிக்கெட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பயனில்லை.

டிஎல்எஸ் இருந்தால் எஸ்எஸ்எல்=ட்ரூ, எஸ்எஸ்எல்டிரஸ்ட்ஸ்டோர், டிரஸ்ட்ஸ்டோர்பாஸ்வேர்டு மூன்றும் யூஆர்எல்லில் வரும். "பிகேஐஎக்ஸ் பாத் பில்டிங் ஃபெயில்ட்" என்பது ஆபீஸின் சொந்த சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) சான்றிதழ் அந்த ஜாவாவுக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். பிரவுசரில் திறக்கிறதே என்று கேட்பார்கள், பிரவுசர் பார்ப்பது வேறு பெட்டி. அட்மினிடம் டிரஸ்ட்ஸ்டோர் (நம்பும் சான்றிதழ்கள் அடங்கிய) கோப்பை வாங்குங்கள், இல்லையென்றால் சிஏ சான்றிதழை வாங்கி ஜாவாவோடு வரும் கீடூலில் இம்போர்ட் செய்யுங்கள். சரிபார்ப்பையே அணைத்துவிடச் சொல்லும் குறுக்குவழிகள் இணையத்தில் கிடைக்கும், வீட்டிலிருந்து ஆபீஸ் டேட்டாவைத் தொடுகிற யாரும் அதைச் செய்யக் கூடாது.

உள்ளே போன பிறகு

கனெக்‌ஷன் திறந்து, டேபிளைத் தொட்டதும் "பெர்மிஷன் டினைட், யூசர் இன்னாருக்கு செலெக்ட் பிரிவிலேஜ் இல்லை" என்று வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆத்தன்டிகேஷன் முடிந்துவிட்டது. அந்தச் செய்தியில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, ரேஞ்சர் (டேபிள் அனுமதிகளை நிர்வகிக்கும் மென்பொருள்) பார்க்கிறவரிடம் அனுமதி கேளுங்கள். இதற்காகக் கெர்பரோஸ் கோப்பை மறுபடி கலைத்துவிடாதீர்கள்.

கீடேப் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீடேபும் பாஸ்வேர்டும் ஒன்றுதான், அது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் நீங்கள். அதை வாட்ஸ்அப்பில் டீமுக்கு அனுப்புவது, பொதுவான டிரைவில் போடுவது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஆக்டிவ் டைரக்டரியில் பாஸ்வேர்டு மாறியதும் பழைய கீடேப் செல்லாது, 24 வருவதற்கு அது ஒரு காரணம். கிளஸ்டர் கெர்பரோஸுக்குப் பதில் எல்டாப் (பாஸ்வேர்டையே நேராகக் கேட்கும் வழி) கேட்டால், டிபீவரில் சேமித்த பழைய பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். அது தானாக மறுபடி மறுபடி முயன்று உங்கள் அக்கவுண்டையே லாக் செய்துவிடக்கூடும்.

அட்மினிடம் போகும்போது பெட்டியின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அனுப்பாதீர்கள். முயன்ற நேரம் நிமிடம் வரை, கேலிஸ்டில் தெரியும் உங்கள் பிரின்சிபல், யூஆர்எல், ஆகக் கீழே வந்த "காஸ்ட் பை" வரி, டீபக்கில் வந்த அந்த இரண்டு வரி, இவற்றைக் கொடுங்கள். அவர் கேடிசி லாகில் அந்த நேரத்தைத் தேடினாலே போதும். லாகில் உங்கள் கோரிக்கையே இல்லை என்றால் லேப்டாப்பில் இருந்து அது கிளம்பவே இல்லை என்று அர்த்தம், இருந்தால் எந்தப் பெயருக்கு டிக்கெட் கேட்கப்பட்டது என்று அதிலேயே இருக்கும்.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு தினமும் ஒரு விஷயம் மட்டும் மிச்சம். ஆக்டிவ் டைரக்டரியில் டிக்கெட்டின் ஆயுள் வழக்கமாக 10 மணி நேரம். காலையில் பெங்களூரு ஆபீஸில் எடுத்த டிக்கெட் ராத்திரி கிருஷ்ணகிரி வீட்டில் லேப்டாப்பைத் திறக்கும்போது முடிந்திருக்கும். நேற்று வரை ஓடியது இன்று ஓடவில்லை என்றால் எதையும் மாற்றும் முன் கேலிஸ்ட் போட்டு எக்ஸ்பைர்ஸ் நேரத்தைப் பாருங்கள். முடிந்திருந்தால் கேஇனிட் போட்டுவிட்டு, டிபீவரில் அந்தக் கனெக்‌ஷனை வலது கிளிக் செய்து இன்வேலிடேட்/ரீகனெக்ட் கொடுங்கள், டிபீவரை மூடித் திறக்கத் தேவையில்லை.